கொசுறாக ஒரு பித்தப்பை

என் மனைவியோடு சாமான் வாங்கப் போனால் எனக்கு ஒரே ஒரு வேலைதான். எழுந்து கிளம்புவது. அவள் விலை கேட்பாள், உதட்டைப் பிதுக்குவாள், சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதில் இல்லாத குறையைக் கண்டுபிடிப்பாள். பேரம் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றுவாள். அதுதான் எனக்கு ஜாடை. உடனே நான் எழுந்து, "வா, போகலாம். இது படியாது" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். பின்னாலிருந்து கடைக்காரன் கூப்பிடுவான். கூப்பிடாத கடைக்காரனை எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் பார்த்ததில்லை. அந்த டாக்டரம்மாவைப் பார்க்கும் வரை.

எங்களுடையது திரைச்சீலைத் துணி மொத்தக் கடை. எங்களுடையது என்பது ஒரு பேச்சுக்கு. அது அவள் அப்பா வைத்த கடை. நான் பாத்திரக் கடைக்காரர் மகன், அங்கே மாப்பிள்ளையாகப் போனவன், துணியை அளந்து கிழித்துக் கொடுப்பவன். விலை பேசுவது அவள். சந்தையில் அவளுக்குப் பெயர் 'கத்திரி'. துணியை வெட்டுவதால் வந்த பெயர் இல்லை, எதிராளி சொல்லும் விலையை வெட்டுவதால் வந்தது. வாங்கும்போது வெட்டுவாள். விற்கும்போது ஒரு நூல் இறங்க மாட்டாள்.

கடையில் பெரிய வியாபாரமெல்லாம் மாடியில்தான். ஹோட்டல்காரர்கள், ஆஸ்பத்திரிக்குத் திரை வாங்குபவர்கள், முழு முழு ரோலாக எடுப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்காருவார்கள். சில வருஷங்களாகக் கத்திரியின் உடம்பு கனத்துக்கொண்டே போய், மூட்டு தேய்ந்து, சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். பிறகு படிப்பக்கமே போவதில்லை. கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. மாடியில் அவள் தம்பி, என் மச்சினன். நல்ல பையன். அதுதான் தொல்லையே. வாங்க வந்தவன் முகம் கொஞ்சம் வாடினால் போதும், இவனே விலையை இறக்கிவிடுவான். மேலே அவன் சிரிக்கும் சத்தம் கேட்டால் கீழே இவளுக்கு வயிறு எரியும்.

அந்த வயிற்றெரிச்சலைத்தான் நான் முதலில் கேள்விப்பட்டேன். நிஜமாகவே வயிறு எரிகிறது என்று தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. எண்ணெயில் பொரித்தது எதையாவது தின்றுவிட்டு, மத்தியானம் ரோல்களுக்குப் பின்னால் போய், வலது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு நிற்பாள். நெற்றியில் வேர்வை பூத்திருக்கும்.

"என்ன பண்ணுது?"

"வாயு."

"வாயுவுக்கா இப்படி வேர்க்குது?"

"உங்களுக்கு என்ன, நீங்க அளக்கப் போங்க."

சர்க்கரை டாக்டர்தான் எடை குறைக்கும் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். இரைப்பையைச் சின்னதாக்கி, குடலை வேறு வழியில் திருப்பிவிடுவார்களாம். சர்க்கரை இறங்கும், மூட்டுச் சுமை குறையும், படி ஏறலாம். 'படி ஏறலாம்' என்ற சொல்லில் கத்திரி விழுந்துவிட்டாள். விழுந்ததை முகத்தில் காட்டவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரிந்தது. எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி. வாயுவுக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது.

ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா எங்கள் வயதில் பாதி இருப்பார். மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு ஈரல், அதற்கு அடியில் பச்சையாகக் குட்டிப் பை. அதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"சாப்பிட்ட பிறகு இந்த இடத்துல வலி வருமாம்மா? முதுகுக்கோ தோளுக்கோ ஏறுமா?"

"வலியா? எனக்கா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எந்தச் சாமானை வாங்குவதற்காக வீட்டிலிருந்து கிளம்பி வந்தாளோ, அதைக் கடைக்காரன் எடுத்து நீட்டும்போது, 'இதுவா? இது எதுக்கு எனக்கு?' என்று கேட்கும் குரல்.

"வாந்தி?"

"சேச்சே."

"எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டா ஏதாவது பண்ணுமா?"

"சாப்பிட்டா நல்லா இருக்கும்."

நான் பிளாஸ்டிக் ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா விளக்கினார். எடை மளமளவென்று இறங்கும்போது பித்தப்பைக் கல் தொந்தரவு கொடுப்பது உண்டு. கல்லும் இருந்து வலியும் இருந்தால் அவர் யோசிப்பதே இல்லை, ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடுவார். கல் மட்டும் சும்மா இருந்தால் சில டாக்டர்கள் எடுப்பார்கள், சிலர் காத்திருந்து பார்ப்பார்கள்.

"நான் காத்திருந்து பார்க்கற கட்சி. தேவையில்லாம ஒண்ணை வெட்டினா தேவையில்லாம ஒரு ஆபத்து. ஆனா ஒரு விஷயம். குடலைத் திருப்பி விட்டப்புறம் கல் நழுவிப் பித்தக் குழாய்ல மாட்டிச்சுன்னா, வாய் வழியா குழாய் விட்டு எடுக்கறது சுலபமில்ல. பாதையே மாறிடும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன். வலி இல்லதானே?"

"இல்ல" என்றாள் கத்திரி. "ஆனா எப்படியும் உள்ள போகத்தானே போறீங்க? போற வழியில அதையும் எடுத்துப் போட்டுடுங்களேன்."

"எதுக்கும்மா? தொந்தரவே இல்லேன்னு சொல்றீங்களே?"

"தொந்தரவுக்கா கேக்கறேன்? ஒரு முறைக்குக் கேக்கறேன். முழு ரோல் எடுக்கறவங்களுக்கு நாங்க முனைத்துண்டை சும்மா குடுப்போம். அந்த மாதிரி, ஒரு கொசுறா வெச்சுக்குங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கொசுறுன்னா கடைக்காரங்கதானேம்மா குடுக்கணும்? இங்க நீங்கல்ல குடுக்கறீங்க?"

"சரி, நீங்களே வெச்சுக்குங்க. நான் என்ன திருப்பியா கேக்கப் போறேன்?"

"உறுப்பும்மா அது. தேவை இருந்தா எடுப்பேன். இல்லேன்னா தொட மாட்டேன்."

கைப்பை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போயிற்று.

என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பழகிய கால். எழுந்துவிட்டேன். "வா, போகலாம். இது படியாது" என்றும் சொல்லிவிட்டேன்.

"சரி சார்" என்றார் டாக்டரம்மா. "வெளிய சிஸ்டர்கிட்ட அடுத்த தேதி வாங்கிக்குங்க." மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்தோம்.

"கூப்பிடுவாங்க" என்றாள்.

"யாரு?"

"அவங்கதான். கொஞ்சம் கெத்து காட்டறாங்க. பெரிய கடையில அப்படித்தான்."

ஒருவர் உள்ளே போனார், வந்தார். அடுத்து ஒரு குடும்பமே போனது, வந்தது. கத்திரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கதவு திறந்தது. டாக்டரம்மாவே வெளியே வந்தார், தோளில் பையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக.

"அட, இன்னும் வண்டி வரலையாம்மா உங்களுக்கு?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

"ஒரே விலைக் கடை" என்றாள் கத்திரி. இதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்ட அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"வலிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை. சொன்னா எடுத்துடறேன்னு அந்தம்மாவே சொல்றாங்க. உனக்கு எடுக்கணும். அவங்களுக்கு வலி இருந்தா எடுக்கணும். வலி இருக்கு. இதுல பேரம் எங்க இருந்து வந்துச்சு?"

"ஏங்க, வேணும்னு முகத்துல எழுதி ஒட்டிக்கிட்டுப் போய் எந்தக் கடையில நாம உருப்படியா வாங்கியிருக்கோம்? வலிக்குதுன்னு சொல்றேன்னு வெச்சுக்குங்க. 'அப்படியா, முதல்ல கல்லைப் பார்ப்போம், எடை ஆபரேஷனை அப்புறம் பார்த்துக்கலாம்'னு தள்ளிட்டாங்கன்னா? அவங்களுக்கு ரெண்டு வேலை, எனக்கு ரெண்டு படுக்கை. நான் ரெண்டாவது தடவை எழுந்து வர்றதுக்குள்ள என் தம்பி கடையை வந்தவனுக்கெல்லாம் வாரிக் குடுத்திருப்பான்."

"அவங்க அப்படிச் சொல்லலையே."

"சொல்லிட்டுத்தான் செய்வாங்களா?"

இதில் எரிச்சல் என்னவென்றால், அவள் பேச்சு முழுக்க உளறலும் இல்லை. எங்கள் சந்தையில் தேவையைக் காட்டியவன் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். அவளுக்கு அது தாய்ப்பாலோடு வந்த பாடம். அங்கே இருந்தது சந்தை இல்லை என்பதை மட்டும் அவள் மூளைக்குள் ஏற்ற யாராலும் முடியவில்லை. எனக்கோ டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதையே மாறிடும். பாதை மாறிய பிறகு கல் மாட்டிக்கொண்டால், யாரிடம் போய் என்ன பேரம் பேசுவாள்?

எடை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சந்திப்பு பாக்கி. அதற்குள் வலி தானாகவே அவளுக்குப் புத்தி சொல்லும் என்று நினைத்தேன். வலி வந்தது. ஆனால் புத்தி வேறு மாதிரி சொன்னது.

அன்று மச்சினன் வெளியூர் போயிருந்தான். புது ஹோட்டல் ஒன்றுக்கு அறை அறையாகத் திரை வேண்டும் என்று ஒரு ஆள் வந்தார். மாடிக்குப் போக முடியாததால் கீழேயே உட்கார வைத்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அந்த ஆள் ஒரு விலை சொன்னார். அடிமாட்டு விலை. வழக்கமாக அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்து ஆளைச் சுருட்டிவிடுவாள். அன்று சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே முறைத்தாள். முகம் சாம்பலாகிவிட்டது. கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை.

"என்னம்மா, கோபமா? சரி, கொஞ்சம் ஏத்திக்கறேன்" என்றார்.

அவளால் மூச்சே விட முடியவில்லை. கண் ஓரத்தில் நீர் திரண்டது.

"ஐயோ, அழாதீங்கம்மா! உங்க கட்டுபடி எனக்குப் புரியுது" என்று பதறி, அவராகவே இன்னொரு தடவை ஏற்றினார். அவள் கண்ணை மூடித் தலையை லேசாக ஆட்டினாள். அது வலியில் ஆடிய தலை. அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பிழைத்தோம் என்று கையைக் கூப்பிவிட்டு ஓடினார்.

அவர் போனதும் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, வாயைத் துடைத்தபடி சொன்னாள்:

"பார்த்தீங்களா? வாயைத் திறக்காம இருந்ததுக்கு எப்படி ஏறி வந்தான்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. துணிக்கடைச் சுவர், எங்கே முட்டினாலும் மெத்தென்று துணி.

கடைசிச் சந்திப்புக்கு முதல் நாள் முழுக்க யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிராளி முன்னால் வீட்டுக்காரர் இரண்டு பேரும் இரண்டு பேச்சுப் பேசக் கூடாது. பெண்டாட்டி ஒரு விலை, புருஷன் ஒரு விலை சொன்னால் அந்தக் கடை அத்தோடு காலி. அவள் தப்பாகவே சொன்னாலும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை வருஷமும் அப்படித்தான் நின்றேன். இந்தத் தடவையும் நின்றால், அவள் படி ஏறுவாளோ இல்லையோ, நான் ஆம்புலன்ஸில் ஏற வேண்டியிருக்கும்.

மறுநாள் டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். "இந்த இடைப்பட்ட காலத்துல வலி ஏதாவது வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் இல்ல."

"வந்துச்சு டாக்டர்" என்றேன்.

கத்திரி திரும்பவே இல்லை. டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். "அவர் அப்படித்தான். பயந்த சுபாவம். நான் தும்மினாலே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவார்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உடம்பு அவளுடையது. அவள் பேச்சுத்தான் எடுபடும். டாக்டரம்மாவின் விரல் கம்ப்யூட்டரில் அடுத்த கேள்விக்குப் போனது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. உண்மையைச் சொன்னால் இவள் மறுப்பாள். ஆனால் அதிக விலையை இவள் காதில் போட்டால்?

"தினம் தினம் வருது டாக்டர்" என்றேன். "சாப்பிட்ட உடனே."

"தினமா?" கத்திரி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "தினம் எங்க வருது? வாரத்துக்கு ஒண்ணு வந்தா பெரிசு."

"வந்தா நாள் பூரா போகாது."

"நாள் பூராவா! ஒரு மணி நேரம். மிஞ்சிப் போனா ரெண்டு."

"முதுகு, கழுத்து, தலை வரைக்கும் ஏறிடும் டாக்டர்."

"தலைக்கெல்லாம் ஏறாது. வலது தோளோட சரி. எதுக்கு இப்படி அளந்து விடறீங்க?"

"வாந்தி குடம் குடமா."

"ஒரே ஒரு தடவை! அதுவும் அந்த ஹோட்டல்காரன் போனதுக்கப்புறம். குடமாம், குடம்!"

அறையில் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரம்மா தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தார். வாரத்துக்கு ஒன்று, ஒரு மணியிலிருந்து இரண்டு மணி, வலது தோள், வாந்தி ஒரு தடவை. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கத்திரி பேச்சை நிறுத்தினாள். முகத்தில் ரத்தம் ஏறியது. மெதுவாகக் கைப்பையை எடுத்தாள். இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள்.

நான் எழவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"காய்ச்சல், மஞ்சள் காமாலை எதுவும் வந்ததில்லையே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல" என்றாள். இது நிஜம். நானும் தலையாட்டினேன்.

"சரி. ரத்தத்தை இன்னொரு தடவை பார்த்துடறேன். அதுல எதுவும் இல்லேன்னா பித்தப்பையையும் சேர்த்தே எடுத்துடலாம்."

"தேதி?" என்று கேட்டாள் கத்திரி. அந்த ஒரு வார்த்தையில் பேரம் இல்லை, பயம் இருந்தது.

"அதே தேதிதாம்மா. எதுக்கு மாத்தணும்? ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உள்ள போனப்புறம் அது வீங்கி ஒட்டிப்போயிருந்தா, எதை முதல்ல செய்யணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அதுல உங்க பேச்சு எடுபடாது."

"சரி" என்றாள். அந்தச் சொல்லை அவள் இவ்வளவு சின்னதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் வெடித்தாள்.

"எதிராளி முன்னாடி என்னைப் போட்டுக் குடுத்துட்டீங்க."

"கேட்டது கிடைச்சிடுச்சா இல்லையா? அதே தேதி, ஒரே மயக்கம். நீதானே ஜெயிச்சே?"

"கிடைக்கறது வேற, ஜெயிக்கறது வேற. உங்களுக்கு எங்க புரியப் போகுது? அளக்கறவர் நீங்க."

அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஈரல் சுருங்க வேண்டுமென்று வெறும் கஞ்சியும் சூப்புமாகக் கொடுத்த நாட்களில், பசியும் கோபமும் சேர்ந்து வீட்டில் பாத்திரங்கள் தனியாகப் பேசின. எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் தம்பியிடம் சொல்வாள். அவன் பக்கத்து அறைக்கு வந்து, "மாமா, கஞ்சியில உப்பு இல்லையாம்" என்பான். அவள் சொன்னது அதுவாக இருக்காது. பாவம், நல்ல பையன், அதையும் தணித்துத்தான் கொண்டு வருவான்.

ஆபரேஷன் அன்று வெளியே உட்கார்ந்திருந்தோம். மச்சினன் போனில் ஒரு வியாபாரியிடம், "பரவாயில்ல, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்காத மாதிரி இருந்தேன். அவள் காதில் விழுந்திருந்தால் மயக்கத்திலிருந்தே எழுந்து வந்திருப்பாள்.

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி வந்தார். இரண்டும் ஆயிற்று, நல்லபடியாக ஆயிற்று என்றார். "பித்தப்பை முழுக்கப் பொடிக் கல். அதுலயும் ஒண்ணு பையோட கழுத்துல, குழாய் வாசல்ல வந்து உக்காந்திருந்துச்சு. விட்டு வெச்சிருந்தா இவங்களோட சேர்ந்து நானும் சிரமப்பட்டிருப்பேன் சார்."

எழுந்து நின்ற நான் திரும்ப உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த நாள் காலை கத்திரி தலையணையில் சாய்ந்து கிடந்தாள். கையில் ஊசிக் குழாய், பக்கத்தில் மூடியளவுக்குத் தண்ணீர், அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்க வேண்டும். நர்ஸ் வந்து குனிந்தாள்.

"வலி எப்படிம்மா இருக்கு? பூஜ்யத்திலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

கத்திரி கண்ணைத் திறக்கவில்லை.

"அவரைக் கேளுங்க" என்றாள். குரல் கீறலாக வந்தது. "என் வலிக்கெல்லாம் அவர்தான் ஏஜெண்ட்."

இத்தனை நாளில் என்னை வைத்து அவள் பேசிய முதல் பேச்சு. நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் கத்திரியின் முகத்தைப் பார்த்தேன், போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். போன தடவை ஏகத்துக்கும் ஏற்றிச் சொல்லியாயிற்று, இந்தத் தடவையாவது நியாயமாகச் சொல்வோம் என்று மனசாட்சிக்குப் பட்ட விலையைச் சொன்னேன்.

"ஆறு."

நர்ஸ் குறித்துக்கொண்டு நகர்ந்தாள். அவள் கதவைத் தாண்டியதும் கத்திரி அரைக் கண்ணைத் திறந்தாள்.

"ஆறா?"

"ஏன், குறைவா?"

"ஒரு வெட்டா வெட்டியிருக்காங்க? ரெண்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன். ஆறுன்னு போய் நிக்கறீங்க. ஒன்பதுல ஆரம்பிச்சிருந்தா எட்டுக்காவது வந்திருப்பா. இப்ப ஆறுக்கு என்ன மருந்து குடுப்பாளோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நர்ஸைத் தேடி ஓடினேன்.